நெஞ்சுக்குள் ஏறிய குடல்

(ஊர் நூலக அரங்கில் மாலை நேரத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

குடலிறக்கம் என்றால் எல்லோருக்கும் தெரியும். அடிவயிற்றில் வலுக் குறைந்த இடம் ஒன்று இருக்கும். பாரம் தூக்கினால், விடாமல் இருமினால், அந்த வழியாகக் குடல் பிதுங்கி இறங்கும். 'ஹெர்னியா ஆப்பரேஷன்' செய்துகொண்டவர் ஒருவர்கூட இல்லாத தெரு நம் ஊரில் கிடையாது. நான் இன்று பேச வந்த நோய்க்கும் ஹெர்னியா என்றுதான் பெயர். ஆனால் இதில் குடல் இறங்குவதில்லை, ஏறுகிறது. வயிற்றில் கிடக்க வேண்டியது நெஞ்சுக்குள் போய்க் குடியிருக்கிறது. ஏறுகிற குடலை 'இறக்கம்' என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. சரி, 'குடலேற்றம்' என்று சொல்லலாமா என்று பார்த்தால், அந்தச் சொல்லை நம் பாட்டிமார் முன்பே பிடித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளை வாந்தி எடுத்தால் 'குடலேத்தம்' என்று விளக்கெண்ணெய் தடவித் தட்டி விடுவார்கள். அது வேறு, இது வேறு. ஆகவே உதரவிதான ஹெர்னியா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

உதரவிதானம் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உதரம் என்றால் வயிறு. விதானம் என்றால் மேற்கட்டி. வயிற்றுக்கு மேலே கட்டிய மேற்கட்டி. அருமையான சொல்தான், ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர் வைத்த பெயர். மேலே நெஞ்சிலிருந்து பார்த்தால் அதுவே தரை. வயிற்றுக்குக் கூரை, நெஞ்சுக்குத் தரை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் என்றால் நம் ஊரில் அதன் கதி என்ன என்று உங்களுக்குத் தெரியும். விரிசல் விட்டால் பூச இரண்டு வீட்டுக்காரரும் முன்வர மாட்டார்கள். மருத்துவமனையிலும் அதே கதைதான். வயிறு பார்க்கிறவர் வயிற்றோடு நிற்பார், நெஞ்சு பார்க்கிறவர் நெஞ்சோடு நிற்பார். நடுவில் இருக்கிற இந்தத் தசைக்கு உரிமை கொண்டாட ஆள் இல்லை.

இத்தனைக்கும் அது ஒரு நொடி சும்மா இருப்பதில்லை. நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21,600. சிதம்பரத்துப் பொற்கூரையில் 21,600 பொன்னோடுகள் என்று சொல்வார்களே, அந்தக் கணக்குத்தான். அத்தனை முறை இந்த விதானம் தாழ்ந்து எழுகிறது. இதில் ஒரு கிழிசல் விழுந்தால் அது தானாக ஆறாததற்கு ஒரு காரணம் இதுதான். ஓயாமல் அசைகிற துணியில் தையல் எப்படி நிற்கும்? இன்னொரு காரணம் அழுத்தம். மூச்சை இழுக்கும்போது நெஞ்சறையில் அழுத்தம் குறைகிறது, வயிற்றறையில் கூடுகிறது. ஓட்டை இருந்தால் ஒவ்வொரு மூச்சும் கீழே உள்ளதை மேலே உறிஞ்சும். முதலில் கொழுப்புத் திரை நுழையும், பிறகு இரைப்பை, பெருங்குடல், மண்ணீரல் என்று ஒவ்வொன்றாகக் குடியேறும். வலப்பக்கம் கல்லீரல் கனமாக அடைத்து நிற்பதால் ஓரளவு காவல் உண்டு. இடப்பக்கம் அந்தக் காவல் இல்லை.

ஓட்டை எப்படி வருகிறது? பிறவியிலேயே வருவது உண்டு. பின்பக்கம் இருப்பதற்கு, 1848-இல் அதை விவரித்த பிராக் நகரத்து உடற்கூறியலாளர் போக்டலேக்கின் பெயர். முன்பக்கம் இருப்பதற்கு இத்தாலியின் மோர்காக்னியின் பெயர். இவை சிலரிடம் பெரியவர்களாகும் வரை வாயே திறக்காமல் இருந்துவிட்டு வேறு எதற்கோ எடுத்த படத்தில் தென்படும். உணவுக்குழாய் இறங்கும் வழியாக இரைப்பை ஏறுகிற வகைதான் மிகச் சாதாரணம். நெஞ்செரிச்சல்காரர்கள் பலரிடம் அது உண்டு, அது தனிக் கதை. நான் இன்று பெரும்பாலும் பேசப்போவது அடிபட்டதால் வருவதைப் பற்றி.

1579-இல் பிரான்சின் அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே ஒரு படைத்தலைவரின் கதையை எழுதி வைத்திருக்கிறார். பாரே நான்கு மன்னர்களுக்குப் பணி செய்தவர், போர்க்களப் புண்களைப் பார்த்தே தேர்ந்தவர். அந்தப் படைத்தலைவர் உடம்பில் குண்டு பாய்ந்தது. காயம் ஆறிவிட்டது. ஆனால் அதன் பிறகு எட்டு மாதம் வயிற்றுவலியோடு அவதிப்பட்டு இறந்துபோனார். உடலைத் திறந்து பார்த்தால், காற்றடைத்துப் புடைத்த பெருங்குடல் நெஞ்சுக்குள் இருந்தது. அது நுழைந்து போன துளையில் சுண்டுவிரல் நுனிகூடச் சிரமப்பட்டுத்தான் நுழையும் என்கிறார்.

இந்த நோயின் குணம் முழுவதும் அந்தச் சுண்டுவிரலில் இருக்கிறது. ஓட்டை பெரிதாக இருந்தால் உறுப்புகள் தாராளமாகப் போய்வரும், மூச்சு வாங்கும், ஆனால் நெரிபடாது. சின்ன ஓட்டைதான் கழுத்தைப் பிடிக்கும். அடிபட்ட அன்றைக்குக் கொஞ்சம் வலி, அதன் பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மௌனம், பிறகு ஒருநாள் திடீரென்று குடல் நெரிந்து உயிருக்கே ஆபத்து. அந்த மௌனக் காலத்தில் பிடித்துவிட்டால் நிதானமாகத் தைத்துவிடலாம். பிடிப்பதுதான் கடினம்.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டுகள் இருக்கும். நான் மேற்படிப்பு மாணவன், இரவுப் பணி. செங்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவர் ஒருவர், நாற்பது வயது, மூச்சுத் திணறலோடு வந்தார். எக்ஸ்ரேயில் இடப்பக்க நெஞ்சின் கீழ்ப்பாதியில் மேலே கருப்பு, கீழே வெள்ளை, நடுவில் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு மட்டம். காற்றும் நீரும் சேர்ந்து நிற்கிறது என்று பாடப் புத்தகம் சொல்லும் படம். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். விலாவுக்கிடையில் துளை போட்டுக் குழாய் இறக்கினேன். பாட்டிலுக்கு வந்தது சீழ் அல்ல. புளித்த வாடையோடு தண்ணீர், அதில் சோற்றுப் பருக்கை.

குழாய் இரைப்பைக்குள் போயிருந்தது. இரைப்பை நெஞ்சில் இருந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் லாரியின் பின்கதவுக்கும் சுவருக்கும் நடுவே அவர் நசுங்கியிருக்கிறார். "ரெண்டு எலும்புல கீறல்னு சொல்லி அனுப்பிட்டாங்க சார்" என்று அவர் மனைவி அப்புறம் சொன்னார். அவரும் என்னிடம் வந்தவுடனேயே ஒன்று சொல்லியிருந்தார்: "சாப்பிட்டா நெஞ்சுக்குள்ள கடகடன்னு உருளுது சார்." நான் அதைக் குறித்துக்கொள்ளவே இல்லை. அறுவை நடந்தது, நெஞ்சில் சீழ் பிடித்தது, ஐம்பது நாள் படுக்கையில் கிடந்து நல்லபடியாக நடந்து போனார். போகும்போது எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடு இன்னும் உறுத்துகிறது.

அவர் சொன்னது ஒன்றும் புதிய சேதி இல்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த லென்னெக் காலத்திலேயே, நெஞ்சில் வைத்த குழலில் குடல் இரைச்சல் கேட்டால் இந்த நோயைச் சந்தேகிக்கலாம் என்ற பேச்சு உண்டு. நோயாளி உயிரோடு இருக்கும்போதே இதைக் கண்டு சொன்னவர் என்று 1853-ஐ ஒட்டிப் போஸ்டன் மருத்துவர் பவ்டிச்சின் பெயரைச் சொல்வார்கள். எக்ஸ்ரே பிறக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. அவரிடம் இருந்தவை கையும் காதும். இடப்பக்க நெஞ்சு அசையாமல் புடைத்திருக்கிறது, இதயம் வலப்பக்கம் தள்ளிப் போயிருக்கிறது, மூச்சொலி இல்லை, தட்டினால் பறைபோல் ஒலிக்கிறது, குடல் இரைகிறது. இவ்வளவுதான் அவருடைய அடையாளங்கள். எக்ஸ்ரே வந்த பிறகு நாம் காதை மூடிக்கொண்டோம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இனி ஸ்கேனுக்கு வருகிறேன். கர்ப்பிணிகளுக்குச் செய்யும் அதே அல்ட்ராசவுண்ட்தான். கையில் பிடிக்கும் புரோப்புக்குள் இருக்கும் படிகங்கள் நொடிக்கு முப்பது, ஐம்பது லட்சம் முறை அதிரும். அந்த ஒலி தசைக்குள் நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் போய், எதிலாவது பட்டுத் திரும்பும். திரும்ப எடுத்த நேரத்தை வைத்து மெஷின் படம் வரைகிறது. இதற்கு இரண்டு பகைவர்கள், எலும்பும் காற்றும். எலும்பு நிழல் விழுத்தும், காற்று வந்த ஒலியைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பி அடித்துவிடும். நெஞ்சில் இரண்டுமே நிறைய. அதனால் 'நுரையீரலுக்கும் அல்ட்ராசவுண்டுக்கும் ஒத்துவராது' என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிரான்சில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்த தானியேல் லிக்டென்ஸ்டைன் போன்ற சிலர்தான், காற்று உண்டாக்கும் அந்தப் போலிக் கோடுகளையே எழுத்துப்போல் வாசிக்கலாம் என்று பிடிவாதமாகக் காட்டினார்கள். 2008-இல் அவருடைய வழிமுறை வெளிவந்தது. 2012-இல் பல நாட்டு மருத்துவர்கள் கூடிப் பொது நெறிகள் வகுத்தார்கள்.

உதரவிதானத்தைத் தேடுவது எப்படி? நோயாளி படுக்க முடிந்தால் படுக்கலாம், முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். இந்த நோயில் பலருக்கு மல்லாந்து படுத்தாலே திணறும், ஆகவே இது சின்ன வசதி அல்ல. அக்குளிலிருந்து நேர்கீழே, எட்டாவது ஒன்பதாவது விலாப் பக்கம் ஜெல் தடவிப் புரோப்பை வைப்போம். நான் எப்போதும் வலப்பக்கம்தான் தொடங்குவேன். கல்லீரல் ஒரு நல்ல ஜன்னல். அதன் தலைமேல் பளிச்சென்று வெள்ளைக் கோடு ஒன்று வில்லாக வளைந்து நிற்கும், மூச்சோடு கீழே வந்து மேலே போகும். நுட்பமான புரோப்பை விலாவுக்கிடையில் வைத்தால் அந்தக் கோடே பிரிந்து, இரண்டு வெள்ளைச் சவ்வுக்கு நடுவே கருமையாக, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனத்தில் தசை தெரியும். மூச்சை இழுத்தால் அது தடிக்கும்.

இடப்பக்கம் இத்தனை தாராளம் இல்லை. மண்ணீரல் என்ற சின்ன ஜன்னல்தான் உண்டு. பக்கத்திலேயே இரைப்பையின் காற்று. ஆனாலும் நல்ல உடம்பில் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். "மூச்சை நல்லா இழுங்க" என்றதும் மேலிருந்து நுரையீரல் மேடைத் திரைபோல் சரசரவென்று இறங்கி மண்ணீரலை மறைக்கும். மூச்சை விட்டதும் திரை மேலேறும், மண்ணீரல் மறுபடி தெரியும். இதைப் பத்துப் பேரிடம் பார்த்துவிட்டால் பதினோராவது ஆளிடம் திரை இறங்காதபோது கை தானாக நின்றுவிடும்.

நிற்க வேண்டும், தேட வேண்டும். வெள்ளைக் கோடு எங்கே? முழுதாக வருகிறதா, நடுவில் அறுந்து, அறுந்த முனை படபடக்கிறதா? மண்ணீரல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா? பாதிப்பேர் 'என்ன தெரிகிறது' என்று பார்க்கிறார்கள். இந்த நோயில் 'என்ன காணோம்' என்பதும் அதே அளவு முக்கியம். கடைசியாக, நெஞ்சில் தெரிவது அசைகிறதா? இதயத் துடிப்போடு அசையலாம், மூச்சோடு அசையலாம். இரண்டோடும் சேராமல், தன் போக்கில், மண்புழு நெளிவதுபோல் ஒன்று நெளிந்தால் அது குடல். பவ்டிச் காதால் கேட்டதை நாம் கண்ணால் பார்க்கிறோம். சந்தேகம் இருந்தால் நோயாளியை ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லலாம், குடிக்கக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும். தண்ணீரோடு போகும் நுண்குமிழிகள் திரையில் வெள்ளைப் பொறிகளாகச் சுழலும். அந்தச் சுழல் நெஞ்சில் நடந்தால் அங்கே இருப்பது இரைப்பை.

ஏமாறும் இடங்களையும் சொல்ல வேண்டும். முதல் ஏமாற்று, கண்ணாடிப் பிம்பம். உதரவிதானமும் மேலே உள்ள காற்றும் சேர்ந்து ஒலிக்கு நிலைக்கண்ணாடி ஆகிவிடும். கல்லீரல் கோட்டுக்குக் கீழேயும் தெரியும், மேலேயும் தெரியும். புதிதாகக் கற்கிற பிள்ளைகள் "சார், லிவர் நெஞ்சுக்குள்ள ஏறிருச்சு" என்று ஓடிவருவார்கள். கோட்டிலிருந்து இரண்டும் சம தூரத்தில் இருக்கிறதா, புரோப்பைச் சாய்த்தால் மேலே உள்ளது கலைகிறதா என்று பார் என்று திருப்பி அனுப்புவேன். இரண்டாவது, கிழியாமலேயே மெலிந்து உயர்ந்துபோன விதானமும், நரம்பு செத்து வாதம் கண்ட விதானமும். இவையும் எக்ஸ்ரேயில் ஹெர்னியா வேடம் போடும். "மூக்கை ஒரு தடவை உறிஞ்சுங்க" என்றால் வாதம் கண்டது கீழே வருவதற்குப் பதில் மேலே போகும். மூன்றாவதுதான் மோசம்: சோறும் தண்ணீருமாக நிறைந்து அசையாமல் கிடக்கும் இரைப்பை, ஸ்கேனிலும் கட்டியான சீழ்போலவே இருக்கும். நெரிபட்ட குடல் நெளிவதையும் நிறுத்திவிடும். அதனால்தான் முதலில் கோட்டைத் தேடு என்கிறேன். கோடு கிடைக்காதவரை எதையும் 'நீர்' என்று பெயர் வைக்கக் கூடாது, ஊசியும் குத்தக் கூடாது.

இன்னும் ஒன்று. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் ஆகாது. பருமனான உடம்பு, தோலடியில் பரவிய காற்று, கட்டுப்போட்ட மார்பு என்று எத்தனையோ மறைப்புகள். வென்டிலேட்டரில் இருக்கும்போது மேலிருந்து தள்ளும் காற்றழுத்தமே உறுப்புகளைக் கீழே அமுக்கி வைத்திருக்கும், குழாயை எடுத்த பிறகுதான் அவை ஏறும். தீர்ப்புச் சொல்வது சி.டி. ஸ்கேன்தான். ஓட்டையின் விளிம்பில் உறுப்பு கழுத்துப்பட்டை போட்டதுபோல் இறுகியிருப்பதை அது காட்டும், அறுவை மருத்துவருக்கும் அதுதான் வரைபடம். அல்ட்ராசவுண்டின் வேலை அந்தச் சி.டி.க்கு ஆளை அனுப்ப வைப்பது, அதற்குள் யாரும் குழாய் இறக்காமல் தடுப்பது. கர்ப்பிணியாக இருந்தால் கதிர்வீச்சு இல்லாமல் பார்க்கலாம் என்பதும் உண்டு. வயிறு பெருகும்போதுதான் சிலருக்குப் பழைய ஓட்டை வெளிப்படும்.

"அப்படியானால் ஒவ்வொரு வார்டிலும் ஒரு மெஷின் வைக்கலாமே" என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் நம் நாட்டில் அல்ட்ராசவுண்ட் மெஷின் ஸ்டெதஸ்கோப் அல்ல. கருவின் பாலினம் பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-இல் வந்த திருத்தமும் மெஷின் ஒவ்வொன்றையும் பதிவு செய்யச் சொல்கின்றன. இன்ன இடத்தில், இன்னார்தான் இயக்கலாம் என்று கட்டுப்பாடு. ஸ்கேன் சென்டர் சுவரில் 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம்' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. சட்டம் தேவையில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் லோடுமேனின் நெஞ்சைப் பார்க்க மெஷினை அடுத்த கட்டடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகக் காகிதம் தேட வேண்டியிருக்கிறது என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா வந்தார், ஐம்பத்தைந்து வயது இருக்கும். இட்லிக் கடை வைத்திருக்கிறார். குனிந்து மாவு கரைத்தால் மூச்சு முட்டுகிறது, சாப்பிட்டால் இடது தோளில் வலி. கூடவே வந்த கணவர் முந்திக்கொண்டு, "எல்லாம் வாயுதான் டாக்டர். ஓம வாட்டர் குடிச்சாச் சரியாயிடும்" என்றார். எக்ஸ்ரேயில் அதே கருப்பு, அதே வெள்ளை, அதே மட்டம். என் கை ஒரு கணம் நடுங்கியது.

"அம்மா, எப்பவாவது விழுந்து அடிபட்டிருக்கீங்களா?"

"பதினொரு வருஷம் முன்னாடி இவரு ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து போயி விழுந்தேன். அதுலேருந்துதான். சாப்பிட்டதும் நெஞ்சுக்குள்ள தண்ணிக் குடம் சாயற மாதிரி சத்தம் கேக்கும். சொன்னா இவரு சிரிப்பாரு."

உட்கார வைத்தே புரோப்பை வைத்தேன். திரை இறங்கவில்லை. மண்ணீரல் இடத்தில் இல்லை. வெள்ளைக் கோடு பாதி வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு மேலே ஏதோ ஒன்று நிறைந்து கிடந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, ஒரு வாய் மட்டும் குடிக்கச் சொன்னேன். இரண்டு மூன்று நொடியில் நெஞ்சுக்குள் வெள்ளைப் பொறிகள் சுழன்றன. மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பி, இது உங்கள் இரைப்பை, இது இருக்க வேண்டிய இடம் இது அல்ல என்று விரல் வைத்துக் காட்டினேன். கணவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். அந்த அம்மா திரையைப் பார்க்கவில்லை. முந்தானையால் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே அவரைத்தான் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல?"